கை பொறுக்கும் சூடு

ஜூன் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

தோல் வெடித்த இடத்தில் பாப்பாவுக்கு வலிக்குமா, அரிக்குமா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். ஐந்து மாதக் குழந்தையின் கன்னத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி எழுத எனக்குக் கை வராது, உனக்கே தெரியும்.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். குளியல் ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். சோப்பை உடம்பெல்லாம் தேய்க்காதே, அழுக்குப் படும் இடத்தில் மட்டும் கொஞ்சம் போதும். வாசனை உள்ளது எதுவும் வேண்டாம். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும், அதற்கு மேல் கூடாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு. ஈரம் முழுக்கக் காய்வதற்குள், அதாவது மூன்று நிமிடத்துக்குள், வெறும் வாசலினைத் தடவிவிடு. தோல் தானாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாதபோது நாம் வெளியே ஒரு மூடி போடுகிறோம், அவ்வளவுதான் விஷயம். இதில் மந்திரம் எதுவும் இல்லை.

டாக்டர் வறட்சிதான் என்று சொன்னது நல்லது. நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ என் கடிதத்துக்குக் காத்திருக்காதே, நேரே அவரிடம் போ.

நீ சொன்னபடி எதிர்வீட்டுத் தையல்காரம்மா முகவரிக்கே இதை அனுப்புகிறேன். உன் போனுக்கு என்ன ஆயிற்று?

அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பொத்தான் தைக்கக் கொடுத்திருந்த ஆறு சட்டைகளுக்கு நடுவில் மடித்து வைத்துத் தையல்காரம்மா கொடுத்துவிட்டார்கள். என் போன் யாருடைய பேன்ட்டோடோ டிரம்முக்குள் போய் நாற்பது நிமிடம் சுற்றி, எங்கள் சலவைக் கடையிலேயே இதுவரை வெளுத்ததில் சுத்தமான பொருளாக வெளியே வந்தது. அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. "கடையில போன் இருக்கே, உனக்குத் தனியா எதுக்கு?" என்கிறார் அவர். கடைப் போன் கவுண்டரில் இருக்கிறது. கவுண்டரில் அத்தை இருக்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

நீ சொன்னது எல்லாம் செய்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கன்னம் காகிதம் மாதிரி சொரசொரவென்று இருக்கிறது. முழங்கால் மடிப்பில் வெடிப்பு. குளிக்க வைத்தால் வீல் என்று கத்துகிறாள். அத்தையிடம் சொன்னால், "எந்தப் பிள்ளை குளிக்கும்போது சிரிச்சுது?" என்கிறார்கள். மாடியில் எங்கள் அறைக்கு நேர் கீழே டிரையர் ஓடுகிறது. தரையில் வெறுங்காலோடு நின்றால் மதியம் சுடும். அந்தச் சூடுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். ஜன்னலைத் திறந்தால் நீராவி, மூடினால் அடுப்பு.

முக்கியமான விஷயம் இது. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, பாப்பாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வயது வரை வளர்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டாள். அங்கே ஏசி இருக்கிறது, அவள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நேரம் இருக்கிறது. நானும் போகலாமா என்று கேட்டேன். "நீ போயிட்டா இஸ்திரி பிரஸ்ஸை யார் பாக்குறது? ஆஸ்பத்திரி பெட்ஷீட் வாரத்துக்கு எழுநூறு வருது" என்றார்கள் அத்தை. பிறகு சிரித்துக்கொண்டே, "இஸ்திரிப் பெட்டியைத் தூக்குற கைக்குப் பிள்ளையைத் தூக்கத் தெரியலடி. உன் கை பட்டாலே தோல் உரியுது" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்வது. அவர் வாயே திறக்கவில்லை. அவர் எதற்குத்தான் திறந்திருக்கிறார்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி நாத்தனார் வருவாள். அதற்குள் தோல் சரியாகவில்லை என்றால் பாப்பா போய்விடுவாள், அக்கா.

உன்னிடம் பாப்பாவோடு வந்து ஒரு பதினைந்து நாள் இருக்கட்டுமா? உன் அறையில் ஒரு மூலை போதும்.

சின்னவள்


ஜூன் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தரைச் சூடு தோலை உலர்த்தும், உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. பாப்பாவின் துணிகளைக் கடை டிரம்மில் போடுகிறாயா? ஆஸ்பத்திரித் துணிக்குப் போடும் பவுடர் தோலுக்கு ஆகாது. தனியாகக் கையால் அலசு, மூன்று தண்ணீர் விடு. காலையிலிருந்து பாப்பாவுக்கு என்னென்ன செய்கிறாய் என்று ஒன்று விடாமல் எனக்கு எழுது. பிழை எங்கேயோ இருக்கிறது. பார்த்தால் கண்டுபிடிக்கலாம்.

நீ வருவதைப் பற்றி: நான் இருப்பது விடுதி வார்டன் அறை, என் சொந்த வீடு இல்லை என்று உனக்குத் தெரியும். விருந்தினர் மூன்று நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்று விதி. கைக்குழந்தையைப் பற்றி விதியில் எதுவுமே இல்லை. பரீட்சை வேறு நெருங்குகிறது, நூற்றெண்பது பெண்கள் படிக்கிறார்கள். நான் விதியை மீறிவிட்டு நாளைக்கு அவர்களிடம் எந்த முகத்தோடு பேசுவது? கொஞ்சம் பொறு. பரீட்சை முடியட்டும்.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சரி, பொறுக்கிறேன். அது எனக்குப் பழக்கம்தான்.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். ஆறு மணிக்கு எழுந்து பால் கொடுக்கிறேன். ஏழு மணிக்குக் கீழே பிரஸ் சூடாகும். சூடாகிற இருபது நிமிடம்தான் எனக்குச் சும்மா இருக்கும் நேரம், அதில்தான் குளியல். வெந்நீர் கீழே பாய்லரிலிருந்து வரும், பக்கெட்டில் பிடித்துப் பச்சைத் தண்ணீர் கலந்து, நீ சொன்னபடி கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருவேன். ஒவ்வொரு முறையும் கையை விட்டுப் பார்க்காமல் ஊற்றியதே இல்லை. ஐந்து நிமிடம். ஒற்றித் துடைப்பேன். வாசலின். பருத்திச் சட்டை. துணியை நீ எழுதிய நாளிலிருந்து கையால்தான் அலசுகிறேன். பிறகு தொட்டிலில் போட்டுவிட்டுக் கீழே போனால் பன்னிரண்டு வரை பிரஸ். நடுவில் இரண்டு முறை பால். வேறு என்ன செய்கிறேன்? யோசித்துப் பார்த்தேன், வேறு எதுவும் இல்லை.

உனக்குச் சிரிக்க ஒன்று. இங்கே எனக்கு இப்போது பெயரே மாறிவிட்டது. பிரஸ்ஸிலிருந்து வரும் துணியை மற்றவர்கள் குச்சியால்தான் இழுப்பார்கள். நான் வெறும் கையால் எடுத்து மடித்துவிடுவேன், வேலை சீக்கிரம் முடியும். மேலே அடுப்பிலிருந்து பாத்திரத்தையும் அப்படித்தான் இறக்குவேன். "துணி வேணாம், குச்சி வேணாம், நம்ம வீட்டு இடுக்கி இருக்கா" என்று அத்தை ஆரம்பித்தார்கள். இப்போது கடைக்கு வருகிறவர்கள்கூட, "இடுக்கியம்மா, என் சட்டை ஆச்சா?" என்று கேட்கிறார்கள்.

பத்தாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள்.

இடுக்கி என்கிற சின்னவள்


ஜூன் 28

சின்னவளே,

தண்ணீரில் கையை விடாதே. முழங்கையை விடு.

பிழை என்னுடையது. 'கை பொறுக்கும் சூடு' என்று எழுதிவிட்டேன். யார் கை என்று எழுதவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி இப்படி எழுதினால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். உன் கை இடுக்கி. அது பொறுக்கும் சூட்டைப் பாப்பாவின் தோல் பொறுக்காது. அவள் குளிக்கும்போது கத்தியது சும்மா இல்லை. சூடான தண்ணீர் தோலில் இருக்கிற கொஞ்சநஞ்சம் எண்ணெயையும் எடுத்துவிடும். அதன் மேல் வாசலின் தடவி என்ன பயன்?

இதோடு ஒரு தெர்மாமீட்டர் அனுப்புகிறேன். பஞ்சில் சுற்றி இரண்டு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். முதலில் நீ வழக்கமாகக் கலப்பது போலவே கலந்து, அளந்து, எனக்கு எழுது. பிறகு முப்பத்தேழு டிகிரிக்குக் கொண்டுவா. உன் கைக்கு அது ஆறின தண்ணீராகத் தோன்றும். உன் கையை நம்பாதே, தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை நம்பு.

இன்னொன்று. உன் பழைய கடிதங்களோடு என் பதில்களின் நகல்களையும் எடுத்துப் பார்த்தேன். நகல் வைத்துக்கொள்வது என் வியாதி. நீ கல்யாணம் ஆகிப் போனதிலிருந்து நான் உனக்கு எழுதியவற்றில் 'பொறு' என்ற சொல் பதினொரு இடத்தில் இருக்கிறது. ஒரு இடத்தில்கூட எதுவரை என்று எழுதவில்லை.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்பத்தொன்றரை. மூன்று முறை பார்த்தேன், அதேதான். அன்றைக்கு உன் மேல் கோபம் வந்தது, பிறகு என் மேல் வந்தது, பிறகு பாப்பாவின் பாதத்தை முத்தமிட்டுக்கொண்டு அழுதேன். ஆறு மாதமாக என் கையாலேயே அவளை வேக வைத்திருக்கிறேன். அத்தை கிண்டலாகச் சொன்னது அப்படியே நிஜமாகிவிட்டது பார்.

முப்பத்தேழில் முதல் நாளே அவள் அழவில்லை. தண்ணீரைத் தட்டினாள். இன்றைக்கு ஐந்தாவது நாள். கன்னம் பூவாகிவிட்டது. முழங்கால் மடிப்பில் மட்டும் ஒரு கோடு இருக்கிறது. நாத்தனாருக்கு அவர் போன் செய்து, வர வேண்டாம், சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். நான் கேட்காமலே சொன்னார். பாப்பா என்னிடமே இருக்கிறாள். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா, திட்டாதே. நேற்று அத்தை, "பிள்ளைக்குத்தான் ஆறிடுச்சே, இனிமே சாயங்கால ஷிஃப்டுக்கும் நீயே நில்லு" என்றார்கள். நான் சரி என்றேன். மேலே வந்து உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது, அவள் தோல் சரியில்லாதவரை எனக்கு இங்கிருந்து வெளியே வர ஒரு காரணம் இருந்தது. டாக்டரிடம் போனேன், மருந்துக்கடைக்குப் போனேன், உன்னிடம் வரட்டுமா என்று கேட்டேன். இப்போது எதைச் சொல்லிக் கேட்பது? குழந்தையின் கன்னம் ஆறியதற்கு வருத்தப்படுகிற தாய் எங்கேயாவது இருப்பாளா? இருக்கிறாள். உனக்குக் கடிதம் எழுதுகிறாள்.

நீ பரீட்சையைப் பார். பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

சின்னவள்


ஜூலை 13, உங்கள் கடையிலிருந்து திரும்பி வரும் பேருந்தில்

சின்னவளே,

எழுத்து ஆடும், மன்னித்துக்கொள்.

நீ உள்ளே போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். நீ பார்த்தது வரை உனக்குத் தெரியும். நான் கவுண்டருக்கு முன்னால் நின்று, உன்னைக் கூப்பிடச் சொல்லி, எல்லோர் எதிரிலும் "கிளம்பு" என்றேன். இன்னும் நயமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவுதான் வந்தது. உன் கையைப் பிடித்துத் திருப்பியது திட்டமிட்டுச் செய்தது அல்ல. உள்ளங்கையில் ரேகையே இல்லை. உன் வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். நீ கையை இழுத்துக்கொண்டு, "பிரஸ்ல துணி இருக்குக்கா. இருபது நிமிஷம், வந்துடறேன்" என்று போனாய்.

உன் மாமியார் என்னை உட்காரச் சொன்னார். "டீச்சரம்மா, பிள்ளைக்குத்தான் சரியாயிடுச்சே, இப்ப எதுக்கு?" என்றார்.

"பிள்ளைக்குச் சரியாயிடுச்சு" என்றேன்.

"அவ உங்ககிட்ட வரணும்னு கேட்டாளா?"

"கேட்டா. நான்தான் விதி பேசிக்கிட்டு இருந்தேன்."

"இப்ப விதி மாறிடுச்சா?"

"நான் மாறிட்டேன். வார்டன் வேலையை விட்டுட்டேன். கல்லூரிக்குப் பின்னால ரெண்டு அறை பிடிச்சிருக்கேன்."

அவர் கொஞ்ச நேரம் டோக்கன் அட்டைகளை அடுக்கினார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் பாப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, கழுத்து சரியாமல் இருக்க என் முழங்கையைத் தூக்கிவிட்டார். அந்தக் கடையில் அவரும் முப்பது வருடமாக அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். உன் வீட்டுக்காரர், "டீ சாப்பிடுறீங்களா அண்ணி?" என்று இரண்டு முறை கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே பிரஸ் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு முறை நீராவி விலகியபோது உன் முதுகு தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். இரண்டாவது முறை கூப்பிட்டு, நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காகக் கடை ஷட்டரை இறக்கினார்கள். பாப்பாவை உன் மாமியாரிடம் கொடுத்துவிட்டு, முகவரி எழுதிய சீட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ வரவில்லை என்று உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான்கு வாரத்துக்கு முன்னால் ஒரு மூலை போதும் என்று கேட்டவளுக்கு நான் விதி சொன்னேன். இன்றைக்கு நீ இருபது நிமிடம் சொன்னாய். நான் கேட்ட அவகாசத்தைவிட அது குறைவுதான்.

நாளைக் காலை இதைத் தையல்காரம்மா முகவரிக்கு அனுப்புகிறேன்.

அக்கா


ஜூலை 14

இதைத் தபாலில் போடவில்லை. ஆனாலும் நடந்ததை எழுதிவிட்டு மூடி வைக்கிறேன்.

காலை பத்தே காலுக்குக் கீழே ஆட்டோ நின்றது. நீ பாப்பாவோடு இறங்கினாய். ஒரு பை. உன் வீட்டுக்காரர் பையை மாடி வரை தூக்கி வந்தார். "பிரஸ்ஸை நிறுத்திட்டு வந்திருக்கேன் அண்ணி, மூணு மணிக்குள்ள போகணும்" என்றார். உட்காரவில்லை. வாசலில் நின்று உன்னைப் பார்த்து, "எப்ப வந்து கூட்டிட்டுப் போகட்டும்?" என்று கேட்டார். நீ பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு உள் அறைக்குப் போனாய். கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாய். திறந்தாய். மறுபடி போட்டாய். அங்கே உன் அறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது என்று அவர்தான் எனக்கு மெதுவாகச் சொன்னார். அடுக்கிய துணியை எடுக்க யாராவது எந்நேரமும் வந்துபோவார்களாம்.

பதினொன்றரை வரை நீ கதவைத் திறக்கவில்லை. அவர் படியில் நின்றுகொண்டிருந்தார். பிறகு ஆட்டோ வரச் சொல்லிவிட்டு, தனியாகக் கீழே இறங்கிப் போனார்.