கேட்காமல் கொடுத்த சீட்டு

19 ஆகஸ்ட் 1986, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாகத் திருவிருந்து மேசைத் துணிக்குக் கஞ்சி போட்டு மாடியில் காயவைத்தேன். ஞாயிறு கோயிலில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. அதற்கு முன் சபை மூப்பரும் போதகரும் வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரின் விசுவாசத்தையும் விசாரித்துச் சீட்டு கொடுப்பார்கள். சீட்டு இல்லாதவர்களுக்கு அப்பம் இல்லை. மூப்பர் என் கணவர் பிராங்கிளின். போதகர் என் தம்பி தேவநேசன். வியாழக்கிழமை எங்கள் வீட்டு முறை.

மகள் ஷைனி ஒரு மாதமாகக் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதில்லை. கூடப் படித்த சின்னாளப்பட்டி சூர்யகலா மஞ்சள்காமாலையில் போனதிலிருந்து இப்படி. நேற்று அடுப்படியில் கேட்டாள்: "அவ இயேசுவை ஏத்துக்கலையே. அப்ப இப்ப எங்கம்மா இருக்கா?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

வியாழனன்று அவர்களிடமும் இதையே கேட்டுவைத்தால்? பெற்ற தகப்பனே மகளைப் பந்தியிலிருந்து நிறுத்த வேண்டும்.

20 ஆகஸ்ட்

ஷைனி கேட்டதை இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். இவர் வக்கீல். வெறுமையான கல்லறை, நேரில் கண்ட சாட்சிகள் - உயிர்த்தெழுதலை நிரூபித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்கிறார். தேவநேசன் நேர் எதிர். மனித அறிவை நீதிபதியாக்குவதே முதல் தப்பாம். வேதம் உண்மை என்பதில் நின்றுகொண்டுதான் எதையுமே யோசிக்க முடியும், அது இல்லாவிட்டால் சூர்யகலா செத்தது அநியாயம் என்று சொல்லக்கூட நமக்கு ஆதாரம் கிடையாது என்கிறான்.

இரண்டுமே எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும்வரை.

21 ஆகஸ்ட்

வந்தார்கள். ஷைனியை நடுவில் உட்கார வைத்தார்கள். இவர் சாட்சிகளில் தொடங்கினார். தேவநேசன் பொறுக்கவில்லை.

"மச்சான், கடவுளைக் கூண்டுல ஏத்திட்டு, இவள ஜட்ஜா உக்கார வைக்கிறீங்க."

"நீங்க மட்டும் என்ன மாப்ளே? கேஸ் நடக்குறதுக்கு முன்னாடியே தீர்ப்பை எழுதிக் கொண்டுவாரீங்க."

"தீர்ப்பு எப்பவோ எழுதியாச்சு மச்சான்."

"அப்ப எனக்கு எதுக்கு ஃபீசு?"

சிரித்தார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். காப்பி ஆறி ஆடை கட்டியது. ஷைனி பந்தாட்டம் பார்ப்பவளைப்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தாள். வேடசந்தூர் மில்காரர்கள் ஜெபக்கூட்டத்துக்கு பஸ் போய்விடும் என்று தேவநேசன் திடீரென எழுந்தான். அவசரமாக ஒரு ஜெபம். மேசையில் மூன்று சீட்டு.

அவளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! இவர் கேட்டிருப்பார் என்று அவன், அவன் கேட்டிருப்பான் என்று இவர்.

எனக்கோ - அப்பாடா, தப்பிச்சிட்டா என்றுதான் தோன்றியது.

22 ஆகஸ்ட்

காலேஜுக்குக் கிளம்பும்போது ஷைனி சீட்டை என் கையில் வைத்தாள். "என்னைய யாருமே ஒண்ணும் கேக்கலம்மா. கேட்டிருந்தா தெரியலன்னு சொல்லியிருப்பேன். இத வச்சுக்கிட்டு அந்த மேசைக்கு என்னால வர முடியாது."

மேசையை அவள் அற்பமாக நினைத்திருந்தால் பேசாமல் வந்திருக்க மாட்டாளா?

சாயங்காலம் இவரிடம் சீட்டைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை எடுத்து, அவளைச் சின்னாளப்பட்டிக்குக் கூட்டிப்போனார். "அப்பா வாயே தெறக்கலம்மா. தறிக்குப் பக்கத்துல உக்காந்து சூர்யகலாவோட அம்மா சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றாள். சொல்லும்போது அழுதாள்.

ராத்திரி வந்த தேவநேசனிடம் கேட்டேன், சூர்யகலா இப்போது எங்கே என்று. "எனக்குத் தெரியலக்கா" என்றான். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. போகும்போது, "சீட்ட மட்டும் நான் திரும்ப வாங்கிக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான். சரிதான்.

23 ஆகஸ்ட், சனி

துணியை இஸ்திரி போட்டு மடித்துவிட்டேன்.

ஷைனி நாளை கோயிலுக்கு வருகிறாள். சீட்டில்லாதவர்களுக்கான கடைசி பெஞ்சில் உட்காருவாளாம். அங்கே சின்னப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். இந்த வயதில் அவள் ஒருத்தி மட்டும்.

என் சீட்டு வேதாகமத்துக்குள் இருக்கிறது. நாளை அது அங்கேயே இருக்கும். மேசைத் துணியை விரித்துவிட்டு நானும் கடைசி பெஞ்சுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்காரப்போகிறேன். இவருக்கும் தெரியாது, தேவநேசனுக்கும் தெரியாது. அவளிடம்கூடச் சொல்லவில்லை.