உன் பழைய போன்

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் சிரிக்காதே. உன் புது போன் நம்பர் எங்களிடம் இல்லை, விலாசம் மட்டும்தான் கிடைத்தது.

நான் தக்காளி மண்டிக்கு வேலைக்குப் போகிறேன். எனக்கு ஒரு போன் வேண்டும் என்று அப்பா நேற்று உன் பழைய போனை வெளியே எடுத்தார். உன் கல்யாணச் சேதி வந்த அன்று அது சுவரில் பட்டு விழுந்ததில், சத்தம் குறைக்கிற பட்டன் உடைந்திருந்தது. லாக்கும் திறக்கவில்லை.

பாலக்கோட்டில் கடைக்காரர் புதுப் பட்டன் போட்டார். "இதை அமுக்கித்தாங்க லாக்கை எடுக்கணும். ஆனா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிரும், பரவால்லீங்களா?"

அப்பா தலையாட்டினார். ஆனால் கடைக்காரர் பட்டனில் விரல் வைத்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க, இருங்க. எங்க ராணி போட்டோ அதுல கெடக்குதுங்க."

இரண்டு வருடத்தில் உன் பேரை அவர் வாயால் இப்போதுதான் கேட்டேன்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடியே, "உங்கக்காவுக்கு எழுதி லாக் நம்பர் கேளு" என்றார்.

நம்பர் எனக்குத் தெரியும், அக்கா. நீ போடுவதைப் பக்கத்தில் படுத்துக்கொண்டு எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! ஆனாலும் நான் வாயே திறக்கவில்லை. ஊமைக்கோட்டான் என்று என்னைத் திட்டுவாயே, இந்த ஒரு தடவை திட்டாதே.

பதிலில் நம்பரை எழுதிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா முன்னால் நீயே போட்டுத் திற. போனைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை