லூக்காவில் அம்மா தனியே நடந்தார்

என்ரை அன்பு அப்பா,

உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போய்வந்துவிட்டேன்! ஓம், எங்கள் அம்மாதான். நீங்கள் போன பிறகு மோர்னிங்சைட் வீட்டு வாசலைத் தாண்ட மறுத்தவர். பஸ்ஸில் ஏறச் சொன்னால் முழங்கால் நோகிறது என்பார், கடைக்குக் கூப்பிட்டால் தலையிடி என்பார். டிக்கெட்டை எடுத்த பிறகுதான் அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் எட்டிப் பார்த்தால், பெட்டிக்குள் குளிர்ச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் தங்கியது லூக்கா என்ற பழைய நகரத்தில். சுற்றிவரக் கோட்டை மதில், உள்ளே கல் பாவிய ஒழுங்கைகள். மதில் வாசலுக்கு வெளியே, பக்கத்திலேயே எங்கள் சின்ன ஹோட்டல். லிஃப்டில் ஒரு பெட்டியும் ஒரு ஆளும்தான் நிற்கலாம். ஜன்னலைத் திறந்தால் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு மணிக்கூண்டு. மிசிசாகா விமான நிலையத்துக்கு டாக்சி ஓட்டி ஓட்டி, ஊர் உலகமெல்லாம் போகிறவர்களை இறக்கிவிட்டீர்களே, நீங்களும் ஒருதரம் அந்த ஜன்னலில் நின்றிருக்கக் கூடாதா அப்பா?

முதல் நாள் அம்மா அறையை விட்டு அசையவில்லை. "நீ போய்ப் பாத்திட்டு வா பிள்ளை. நான் இஞ்சை ஜன்னலாலை பாக்கிறன்." வீணாகக் கூட்டிவந்தேனோ என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

விடிந்து பார்த்தால் பக்கத்துக் கட்டில் காலி. அம்மாவின் போன் மேசையில் கிடந்தது. குளியலறையில் இல்லை, கீழே சாப்பாட்டு அறையிலும் இல்லை. ஹோட்டல்காரி கார்லா வாசலைக் காட்டி, "மம்மா! மெர்காட்டோ!" என்றாள். சந்தையாம். அம்மாவுக்கு இங்கிலிஷே தடுமாற்றம், இத்தாலியன் எங்கே தெரியும்? தலைகூட வாரி இழுக்காமல் ஓடினேன். மதிலுக்குள் நுழைந்ததும் ஒழுங்கைகள் நாலா பக்கமும் பிரிந்தன. எந்தப் பக்கம் போவது? உங்களைப் பறிகொடுத்தது போதாதென்று அம்மாவையும் தொலைத்துவிட்டேனா?

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"உது முத்தல், உதை வையுங்கோ. இந்த இளசுகளைப் போடுங்கோ."

ஒரு மரக்கறிக் கடை முன்னால் நின்று, சுத்தத் தமிழில் அம்மா கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார்! கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, இளசாகப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா! சொல்லாமல் ஏன் வந்தனீங்கள்? வழி தவறியிருந்தால்?"

"தவறினதுதான். கேட்டன், காட்டினவங்கள்."

"என்ன பாஷையிலை கேட்டனீங்கள்?"

"எனக்குத் தெரிஞ்ச பாஷையிலை. நீ ஏன் இப்பிடி மூச்சு வாங்கிறாய்? வா, கோப்பி குடிப்பம். அந்த மூலையிலை ஒரு கடை கண்டனான்."

அம்மா எனக்கு வழி காட்டினார், அப்பா! கடையில் மற்றவர்களைப் போலவே நின்றபடி குடித்தார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஏன் தனியே வெளிக்கிட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஜன்னலாலை பாத்துக்கொண்டிருந்தன். இறங்கிப் பாக்கோணும் போலை இருந்துது." கோப்பையைக் கீழே வைத்தார். "அப்பாவோடை எங்கை போனாலும் அவர் விறுவிறெண்டு முன்னாலை போவார். ஆளைத் தவறவிட்டிடுவன் எண்டு நான் அவரின்ரை முதுகைப் பாத்துக்கொண்டே நடப்பன். இண்டைக்குத்தான் பிள்ளை, நிமிந்து கட்டிடங்களைப் பாத்தன்."

கோபிக்காதீர்கள் அப்பா. அம்மா குறையாகச் சொல்லவில்லை. சொல்லும்போது முகம் சிரித்தது, கண் கலங்கியிருந்தது. அந்த முதுகைத் தேடினாரா, அது இல்லாமல் நடந்ததில் சந்தோஷப்பட்டாரா? இரண்டும்தானோ? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்குமா?

அன்று பகல் முழுக்க மதில் மேல் நடந்தோம். கத்தரிக்காயைக் கார்லாவின் குசினியில் அம்மாவே பொரித்தார். ஒரு துண்டைச் சுவைத்துவிட்டுக் கார்லா அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இன்னும் கேளுங்கள். வருகிற சனிக்கிழமை அம்மா மொன்றியலில் சித்தி வீட்டுக்கு ரயிலில் போகிறார், தனியாக. நானும் வாறன் என்றேன். "நீ ஸ்டேஷனிலை விட்டாக் காணும், மிச்சம் நான் பாப்பன்" என்றுவிட்டார்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அம்மா எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும், போகவேண்டாம் என்ற சொல் என் வாயிலிருந்து வராது. பெட்டியைத் தூக்கிக் கொடுப்பேன், கை காட்டுவேன். அழுவதென்றால் ரயில் போன பிறகு அழுவேன்.

உங்கள் வாயாடி மூத்த மகள்,
சுகந்தி