லைஃப் சர்டிபிகேட் மாதம்

நவ. 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீர். கம்பெனி பஸ் இரண்டும் தாமதம், ஏ ஷிப்ட் பாதி ஆள் இல்லாமலே ஆரம்பம். ஷூ ஊறிவிட்டது. நாளையிலிருந்து மாற்று ஜோடி கொண்டுபோக வேண்டும்.

கர்னல் டிசம்பரோடு போகிறார். காலை மீட்டிங்கில் சொல்லிவிட்டார்கள். நிர்வாகம், பாதுகாப்பு இரண்டுக்கும் தலைவர் நாற்காலி காலி. இரண்டாவது இடத்தில் இருப்பது நான். எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் நான் நம்புவதில்லை.

எச்.ஆர். தலைவர் சேதுராமன் தானே என் அறைக்கு வந்தான். இத்தனை நாளில் இதுதான் முதல்முறை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "என்ன மேடம், லைஃப் சர்டிபிகேட் எல்லாம் குடுத்தாச்சா?" என்று சிரித்தான். குடுத்தாச்சு என்றேன். அவனுக்கு ஏன் இந்த அக்கறை?

நவம்பர் வந்தாலே இந்தத் தொல்லை. படையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று பேங்க்கில் காட்டிவிட்டு வர வேண்டும். காட்டாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். எங்கள் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி முழுக்க அப்படி வந்தவர்கள்தான். ஹவில்தாராக இருந்தவருக்குப் பென்ஷன் உண்டு. சமையல்காரராக இருந்தவருக்கும் உண்டு. கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டராக இருந்த எனக்குக் கிடையாது.

ஷார்ட் சர்வீஸ் கமிஷன். பதினாலு வருடம், அதற்கு மேல் இல்லை. ஒரு மொத்தத் தொகை, ஒரு கைகுலுக்கல், வெளியே. தொகை படப்பை வீட்டு அஸ்திவாரத்துக்குள் போய்விட்டது. நிரந்தரமாக எடுத்துக்கொள்ள ஆள் தேர்ந்தெடுக்கும் போர்டில் என் பெயர் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ரிசர்வில் மட்டும் பெயர் இருக்கிறது. கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாதவரை ஒரு பைசா இல்லை.

இது வீட்டுக்காரர் ஆல்பர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். மாமியாருக்குக்கூடத் தெரியாது. சர்ச்சில் 'எம் மருமகளுக்கு ஆபிசர் பென்சன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நவ. 4, செவ்வாய்

ஸ்கூட்டர் சர்வீஸில். படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோ. எதிரே இரண்டு பெண்கள். எந்தத் தெருவிலோ புதிதாகக் குடிவந்த ஆர்மிக்காரரைப் பற்றிப் பேச்சு.

"பென்சன் இல்லியாம்டி அவுருக்கு."

"அப்போ இன்னாவோ பண்ணிகிறாரு. கவர்மென்ட்டு சும்மா தொரத்துமா?"

"குடியா இருக்கும்."

"இல்லாட்டி துட்டுல கைய வெச்சிருப்பாரு."

ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். என்னைப் பற்றிப் பேசவில்லை என்று தெரியும். ஆனாலும் காது சுட்டது. இதற்காகத்தான் வாயைத் திறப்பதில்லை. பென்ஷன் இல்லாமல் வந்தவள் என்றால் விரட்டப்பட்டவள். இந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

பால், முட்டை, கொசுவர்த்தி. ஷூவுக்குள் பழைய பேப்பர் அடைத்து வைத்திருக்கிறேன்.

நவ. 6, வியாழன்

சேது கூப்பிட்டான். நாற்காலி எனக்குத்தான் என்றான். சந்தோஷப்பட ஆரம்பிப்பதற்குள் சம்பளத்தைச் சொன்னான். இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சூண்டு கூட. வேலை இரண்டு மடங்கு. இதே கிரேடில் இருக்கும் பர்ச்சேஸ் தலைவர் வாங்குவது எனக்குத் தெரியும். பக்கத்தில்கூட வராது.

"கர்னல் சாரே இதுக்குத்தான் இருந்தார் மேடம். உங்களுக்கும் பென்ஷன் வருது. அப்புறம் என்ன?"

ஆகப் பென்ஷனை என் சம்பளத்தில் பாதியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். இந்தச் சாலை முழுக்க இதுதான் வழக்கம். படையிலிருந்து வந்தவனா, கொடுத்தது போதும் என்பான், எடுத்துக்கொள். எல்லாக் கம்பெனியும் எங்களை விரும்புவது சல்யூட்டுக்காக இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த வெள்ளிக்குள் சொல்ல வேண்டுமாம்.

பென்ஷன் இல்லை என்று சொன்னால் சரியான சம்பளம் கேட்கலாம். ஆனால் 'பென்ஷன் இல்லாம ஏன் அனுப்பினாங்க?' என்று கேட்பான். எனக்கே தெரியாததற்கு என்ன பதில் சொல்வது? சொல்லாவிட்டால், வராத பென்ஷனை ஒவ்வொரு மாதமும் கழித்துக்கொண்டு கொடுப்பான்.

ஆல்பர்ட்: "சொல்லிட்டுப் போயேன் ஷீலா. இன்னா ஆயிடப்போவுது?"

"உங்களுக்கென்ன, உங்களை யாரும் எங்கேயிருந்தும் அனுப்பினதில்ல."

ஸ்ரீபெரும்புதூரில் மெயின்டெனன்ஸ் வேலை அவருக்கு. சேர்ந்த கம்பெனியிலேயே இன்றுவரை. தட்டைக் கழுவப் போய்விட்டார். தன் தம்பியிடம் ஏதாவது உளறியிருப்பாரோ? போன ஞாயிறு தம்பி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

நவ. 7, வெள்ளி

கேட் ஷெட்டுக்கடியில் சேதுவும் முனுசாமியும். நான் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

முனுசாமி ஹெட் கார்டு. ஆர்மியில் ஹவில்தார், மணிமங்கலத்துக்காரர். தினமும் எனக்கு அடிக்கும் சல்யூட்டில் இடுப்பு பெல்ட் சத்தம் கேட்கும். மரியாதையான மனிதர் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

இன்றைய சந்தேகங்கள்:
முனுசாமி எச்.ஆர். சொல்லி என்னைக் கவனிக்கிறாரா.
கேன்டீனிலிருந்து கேட்காமலே இஞ்சி டீ வருகிறது. யார் செலவில்?
சேது என்னை 'லெப்டினன்ட் கமாண்டர் மேடம்' என்று முழுசாகக் கூப்பிட்டது. கப்பலில் கேப்டன் திடீரென்று மரியாதை கொடுத்தால் அடுத்த நாள் விசாரணை இருக்கும்.
ஸ்கூட்டர் மெக்கானிக் போட்ட பில். இது தனி விஷயம்.

நவ. 10, திங்கள்

மழை விட்டுவிட்டு. தலைவலி.

முனுசாமி அறைக்கு வந்தார். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், பொதங்கெழம நம்ம செக்யூரிட்டி ரூம்ல லைஃப் சர்டிபிகேட்டு கேம்ப்பு. கைரேக மிஷினு எத்துகினு ஒரு ஆளு வர்றாரு. யாரும் லீவு போட்டுட்டு பேங்குக்கு அலைய வேணாம். எச்.ஆர். சாரு பர்மிசன் குட்துட்டாரு. ஒங்க பேரத்தான் மொதல்ல போட்டுகிறேன்."

"நான் ஏற்கெனவே குடுத்துட்டேன்."

"எங்க மேடம் குட்தீங்க? படப்ப பேங்க்ல கேட்டனே. நீங்க வரவேல்லன்னாங்களே."

பேங்க்கில் போய் விசாரித்திருக்கிறார்! ஒரு கார்டுக்கு என்னைப் பற்றி என்ன விசாரணை? யார் அனுப்பியது? சரி, பார்க்கலாம் என்று அனுப்பினேன்.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. சம்பளத்துக்கு நான் இன்னும் சரி சொல்லவில்லை. எனக்குப் பென்ஷன் வருகிறதா என்று சேதுவுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். நேராகக் கேட்டால் நான் மழுப்புவேன். அதனால் பென்ஷன் நம்பர் கேட்கும் மிஷின்.

நவ. 11, செவ்வாய்

நாளைக்கு லீவு போட்டால்? போட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி.

ஆல்பர்ட் சொல்கிறார், எனக்குப் புத்தி கெட்டுவிட்டதாம். ஒரு கைரேகை மிஷினுக்கு இத்தனை அரசியலா என்கிறார். கப்பலில் ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும். கோபத்தில் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

நவ. 12, புதன்

போனேன்.

வெளியே அடைமழை. செக்யூரிட்டி ரூமில் நனைந்த காக்கி வாடை. மேஜைமேல் லேப்டாப், சின்ன மிஷின், பின்னால் இ-சேவைக்காரர். கார்டுகள் சுவரோரமாக வரிசை. மூலையில் சேது, கையில் பிஸ்கட் தட்டு. பார், தானே வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

முனுசாமி தன் கைக்குட்டையால் மிஷின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "வாங்க மேடம், நீங்கதான் மொதல்ல" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

இ-சேவைக்காரர் நிமிராமல், "பென்ஷன் ஆர்டர் நம்பர் சொல்லுங்க" என்றார்.

"நம்பர் இல்ல. எனக்குப் பென்ஷன் கிடையாது."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வரிசையில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சேதுவைப் பார்த்துச் சொன்னேன்: "தெரிஞ்சுக்கிட்டீங்க இல்ல? இதுக்குத்தானே இவ்வளவு ஏற்பாடு?"

"என்ன மேடம் ஏற்பாடு?" பிஸ்கட் வாயில் இருந்தது. விழுங்க முடியாமல் திணறினான். "டீ பிரேக்னு வந்தேன். கேம்ப் முனுசாமி வச்சது."

பாவம், அது நடிப்பு இல்லை. இவ்வளவு நன்றாக நடிக்க அவனுக்கு வராது.

முனுசாமி என்னை வெளியே ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"எம் மச்சான் போன வருசம் சர்டிபிகேட்டு குடுக்க மறந்துட்டான் மேடம். பென்சன் நின்னுபோயி, பேங்குக்கும் வூட்டுக்கும் அலையா அலைஞ்சான். நீங்க எந்நேரமும் வேலன்னு கீறீங்க, ஒங்களுக்கும் அப்டி ஆயிடப்போவுதேன்னுதான் பேங்க்ல கேட்டேன்."

அவரைப் போய் ஒற்றன் என்று எழுதி வைத்திருக்கிறேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னா கேஸு மேடம்?"

கேட்டுவிட்டார். நான் பயந்த அதே கேள்வி.

"கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல முனுசாமி. பதினாலு வருஷம்னு சொல்லித்தான் எடுத்தாங்க. முடிஞ்சுது, அனுப்பிட்டாங்க. சில பேரை மட்டும் நிரந்தரமா வச்சுக்கிட்டாங்க."

யோசித்தார். "ஓ, அப்போ நம்ம லைன்ல கீற காண்ட்ராக்ட் பசங்க மாரி. பர்மனென்ட் பண்ற டைம் வந்துச்சுன்னா கேட் பாஸ வாங்கிக்கினு அனுப்பிடறோமே, அந்த மாரி."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "நான் ஆபிசர்" என்று கத்திவிட்டு மழையிலேயே நடந்து வந்துவிட்டேன்.

அந்த கேட் பாஸ்களை ரத்து செய்து கையெழுத்துப் போடுவது நான்தான்.

நவ. 13, வியாழன்

கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. கேன்டீனில் நான் உட்கார்ந்ததும் பக்கத்து மேஜையில் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

காலையில் முனுசாமி சல்யூட் அடித்தார். கொஞ்சம் தளர்வாக இருந்த மாதிரி பட்டது. மழைக்கோட்டு தடுத்திருக்கலாம். நேற்றுக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடுங்க மேடம்" என்றார். விட்டாரா என்று தெரியவில்லை.

வெட்கமாக இருக்கிறது. வெட்கப்படுவதை நினைத்தால் ஆத்திரமாக இருக்கிறது. நான் என்ன திருடினேனா?

சேதுவுக்குப் போன் செய்து, எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அனுப்பினார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்காததும் இடிக்கிறது.

நவ. 14, வெள்ளி

வெயில். பல நாள் கழித்து.

சேது கூப்பிட்டான். காகிதம் தயார். நான் கேட்ட சம்பளம், அதற்கு மேலும் கொஞ்சம். கேட்டதற்கு மேல் கொடுக்கிற ஆளா இவன்? முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். இப்போதைய பர்மனென்ட் வேலையிலிருந்து ராஜினாமா. புது வேலை மூன்று வருடக் காண்ட்ராக்ட்.

"இந்தச் சம்பளத்துக்கு இப்படித்தான் போட முடியும் மேடம். ரிசர்வ் வேற இருக்கு உங்களுக்கு, கூப்பிட்டா போயிடுவீங்க. மூணு வருஷம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

வெளியே வந்து ஆல்பர்ட்டுக்குப் போன் செய்தேன். "மூணு வருசத்துல வூட்டுக் கடன் பாதி அடஞ்சுடும் ஷீலா" என்றார். அது உண்மை. பிறகு, "ஆனா நீதான் போகணும் அந்த வேலைக்கு, நானில்ல" என்றார். அதுவும் உண்மை.

அந்தக் காசை வைத்து மனசுக்குள் மாடி கட்டிவிட்டேன். படிக்கட்டுக்குக் கிரானைட்கூடப் போட்டாயிற்று. பிறகு உள்ளே போய், காகிதத்தைச் சேது பக்கமே தள்ளினேன்.

"பர்மனென்ட்டா குடுத்தா இந்த வேலைக்கு வர்றேன். இல்லன்னா இப்ப இருக்கிற இடத்துலயே இருக்கேன்."

"வெளியிலேருந்து ஆள் எடுத்துடுவோம் மேடம். ஒரு கமாண்டர் ரெடியா இருக்கார், பென்ஷனோட. அவருக்குக் கீழதான் நீங்க வேலை பார்க்கணும்."

"பார்க்கிறேன்."

"நாற்காலி போச்சு, காசும் போச்சு. இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"பர்மனென்ட்டா இருக்கிற என்னை அனுப்பணும்னா ஏன்னு சொல்லித்தான் அனுப்பணும் இல்ல சார்? இந்தத் தடவையாவது யாராவது சொல்லட்டும்."