நாளை லாஞ்சு வரும் துறை

1978 ஐப்பசி 14, சனி

செலவுக் கணக்கு எழுத இன்று கை ஓடவில்லை.

கம்பசில் எஞ்சினியரிங் படிக்கும் மகன் அருளும் கூட்டாளிமார் மூவரும் இந்த லீவில், லாஞ்சுப் படகு வந்து அணையும் பழைய மரத்துறையைச் சோதித்தார்கள். உத்தியோகத்துக்குப் போகுமுன் வேலையைச் செய்து பழகட்டும் என்று விரிவுரையாளர் கொடுத்த புரொஜெக்ட் அது. பின்னேரம் வந்தவன் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"தண்ணிக்குக் கீழ கால்மரம் முழுக்கப் புழு திண்டிருக்கு அம்மா. கத்தி பிடிவரைக்கும் இறங்குது."

அந்தத் துறையில் லாஞ்சுக்குக் கயிறு கட்டுவது இவர்தான். "துறைக்குப் பொறுப்பான பெரியவரிட்டச் சொன்னியோ?" என்று கேட்டார்.

"சொன்னனாங்கள் அப்பா. 'எஞ்சினியர்மாரே, பாடத்தை உங்கட சேருக்கு எழுதிக் குடுங்கோ, துறையை நாங்கள் பாக்கிறம்' எண்டு சிரிக்கிறார். எங்கட விரிவுரையாளர் சேர் திங்கள்தான் வருவார்."

நாளை மாதா திருநாள். மூதூரிலிருந்து முதல் லாஞ்சில் என் தங்கச்சியும் பிள்ளைகளும் பெருஞ்சனத்தோடு அங்கேதான் வந்து இறங்குவார்கள்.

"அவ்வளவு சனத்தையும் தாங்குமோ, தம்பி?" என்றேன்.

"மற்றவங்கள் தாங்கும் எண்டுறாங்கள். என்ர கணக்கில தாங்காது."

இவர் கதிரையை விட்டு எழும்பினார். "மறிக்க எனக்கு ஏலாது. வேலை போயிடும்."

விடியவே போய்ச் சனத்தை மறிப்பேன் என்கிறான் அருள். படிக்கிற பிள்ளையின் சொல்லை யார் கேட்பார்கள்? வெளியே காற்று ஏறிக்கொண்டு வருகிறது.

இவன் போடும் கணக்கெல்லாம் சரிவர வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் மன்றாடினேன். மாதாவே, இந்த ஒரு கணக்கு மட்டும் பிழையாகிப் போகட்டும்.