தக்காளிக்கு முழு வெயில்

மார்ச் 4
பக்கத்து வீட்டு மர்னா கையெழுத்துக் கேட்டு ஒரு மனுவை நீட்டினாள். தெருமுனையில் மூடிக் கிடக்கும் சலவைக்கடையை இடித்துவிட்டு, குறைந்த வாடகைக்கு நான்கு மாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்களாம்.
"ஏழைங்களுக்கு வீடு வேணும், அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா இங்கதான் வேணுமா, லெலண்ட்?"
அவள் வாசல் பலகையில் 'அனைவருக்கும் நல்வரவு' என்று இருக்கிறது. ஐந்து மொழிகளில்.
யோசிக்கிறேன் என்றேன்.

மார்ச் 9
டெஸ் போன் செய்தாள். "அப்பா, அந்தக் கட்டடத்துல எங்க ஆஸ்பத்திரிக்குன்னு சில வீடு ஒதுக்கியிருக்காங்க. ஒண்ணு எனக்கு! இனிமே நடந்தே வந்து உன் சமையலைத் திட்டிட்டுப் போவேன்."
என் மகள் இந்த ஊர் நர்ஸ். இந்த ஊர் வாடகை கட்டுப்படியாகாமல் ஸ்டாக்டனிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டி வருகிறாள்.

மார்ச் 10
மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. என் அப்பா காலத்து லிபரல், அதாவது முற்போக்குக்காரன், அரசாங்கத்தை வைத்து அணையும் பள்ளியும் வீடும் கட்டினான். அந்த வீடுகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை. அதைப் பேசாமலிருப்பதும் கொள்கையில் சேர்த்தி. என் காலத்தில், அதே அரசாங்கம் ஏழைகளின் தெருவை இடித்து நெடுஞ்சாலை போட வந்தது. வழக்குப் போட்டு நிறுத்தினேன். சரியாகத்தான் செய்தேன். ஆனால் — நிறுத்தும் வித்தையை ஊருக்கே கற்றுக் கொடுத்துவிட்டோமோ?

மார்ச் 21
தேவாலயக் கூடத்தில் அக்கம்பக்கத்தார் கூட்டம். இந்த மண் இங்கே வாழ்ந்த ஓலோனி பழங்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்று எழுந்து நின்று வருந்தினோம். பிறகு உட்கார்ந்து, அதை வேறு யாருக்கும் விடுவதில்லை என்று பேசத் தொடங்கினோம்.
புதிய கட்டடத்தின் நிழல், பக்கத்தில் தெருக்காரர்கள் சேர்ந்து வளர்க்கும் பொதுத் தோட்டத்துத் தக்காளிமேல் விழுமாம். நிழல் ஆய்வு வேண்டுமாம்.
"அங்க குடிவரப் போறது என் மக" என்றேன். பின்வரிசையில் ஒருவர், "கான்ட்ராக்டர் எவ்வளவு குடுத்தான்?" என்றார்.
மர்னா என் தோளைத் தொட்டாள். "டெஸ்னா எங்களுக்கு உயிரு. நாங்க முறைப்படி நடக்கணும்னுதான் சொல்றோம். 'அக்கம்பக்கத்தைக் கேக்காம ஒரு செங்கல் வைக்கக் கூடாது'ன்னு கோர்ட்டுல முழங்குனது யாரு? நீதானே?"
கைதட்டும் சத்தத்தில் சிலர் மனம் கலங்கும் என்பதால், அதற்குப் பதிலாக எல்லோரும் கையுயர்த்தி விரல்களை அசைத்தார்கள். எனக்காக.

ஏப்ரல் 30
நிழல் ஆய்வுக்கு நகராட்சி உத்தரவு. முடிய இரண்டு ஆண்டுகள் ஆகுமாம்.

மே 12
டெஸ்ஸுக்கு ஹூஸ்டனில் வேலை. "அங்க சொந்தமாவே வீடு வாங்கலாம்ப்பா."
"அந்த மாநிலமே பழமைவாதிகளுக்குத்தான் ஓட்டுப் போடுது, தெரியுமா?" — ஏன்தான் கேட்டேனோ.
"தெரியும்ப்பா. ஆனா வீடு கட்டறாங்களே."

ஆகஸ்ட் 17
கட்ட வந்தவர்கள் போய்விட்டார்கள். சலவைக்கடை அப்படியே நிற்கிறது.
மர்னா பொதுத் தோட்டத்திலிருந்து ஒரு கூடைத் தக்காளி கொண்டுவந்தாள். "முழு வெயில், லெலண்ட்! எப்படிச் சிவந்திருக்கு பாரு!"
ஒன்றை நறுக்கி, உப்புத் தூவி, ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தின்றேன். நல்ல ருசி.
ஹூஸ்டனுக்கு அனுப்பினால் தாங்காது.