டான்சில் ஆபரேஷன்: மருத்துவர் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்:
அ. சென்னம்மாள் (வயது 63),
க/பெ. அம்மாசி,
நடுத்தெரு, குமாரபாளையம்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மருத்துவமனை.

பொருள்: குழந்தைக்கு டான்சில் ஆபரேஷன் – மருத்துவர் லிடியா அவர்கள் மீது நான் கொடுத்த புகார் பொய் என்பதால் அதை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 14.05.2025 தேதியிட்ட என் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். முதல் மனுவை நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துக் கொடுத்தார்கள். இதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் இந்த முறை பிழை இல்லை.

1. என் மகன் நிலவனின் மகள் மகிழினிக்கு வயது ஏழு. மாதம் தவறாமல் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்ததால், 05.05.2025 அன்று தங்கள் மருத்துவமனையில் மருத்துவர் லிடியா அவர்கள் டான்சிலை எடுத்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால், என் மருமகள் அனிதாவின் அண்ணன் மகள் தன்ஷிகாவுக்கும் இதே ஆபரேஷன், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. அவளுடைய அப்பத்தா கந்தம்மாள் எனக்குச் சம்பந்தி. மகிழினிக்கு அவர் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர். அதை அந்த நாட்களில் நான் மறந்தே போனேன்.

2. இரண்டு பிள்ளைகளும் பன்னிரண்டு நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள். என் பேத்தி பத்தாம் மாதத்தில் நடந்தாள். தன்ஷிகா ஒரு வயது முடிந்துதான் நடந்தாள். பல் முளைத்தது, பாட்டுப் பாடியது, பள்ளியில் பரிசு வாங்கியது எதிலும் என் பேத்திதான் முந்தி. இதைச் சம்பந்தியிடம் சொல்லிக்காட்டாமல் நான் போனை வைத்ததில்லை. இந்த விவரம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். எல்லாம் இதில்தான் ஆரம்பித்தது.

3. தன்ஷிகாவுக்கு மெசினில் செய்தார்கள். மகிழினிக்குக் கத்தி என்றார்கள். ஏன் எங்களுக்கு மட்டும் மட்டமானது என்று நான் வார்டிலேயே சத்தம் போட்டேன். மருத்துவர் கோபப்படவில்லை. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் தொண்டையைப் படமாக வரைந்து காட்டினார்கள். மெசின் என்பது உப்புத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்து சதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுப்பது, கத்தி என்பது சதையைப் பிரித்தெடுத்து ரத்தக் குழாயைக் கட்டுவது. மெசினில் முதல் சில நாள் வலி கொஞ்சம் குறையலாம், ரெண்டு வாரத்தில் ரெண்டு தொண்டையும் ஒன்றுதான், ரத்தம் கசியும் பயம் இரண்டிலும் உண்டு, ஆகவே பத்து நாளைக்கு முறுமுறுப்பாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். எனக்கு நன்றாகப் புரிந்தது. மனசுதான் ஒப்பவில்லை.

4. தன்ஷிகா மூன்றாம் நாள் இட்லி, நான்காம் நாள் தோசை சாப்பிடும் போட்டோக்கள் முன்பே வாட்ஸ்அப்பில் வந்திருந்தன. என் பேத்தியோ நான்காம் நாள் கஞ்சியை விழுங்கவே அழுதாள். அன்று சம்பந்தி போனில், "எங்க பாப்பாவுக்கு மெசினுங்க, அதான் சீக்கிரம் ஆறிப்போச்சு. உங்க பாப்பாவுக்குக் கத்தியாமா? பாவமுங்க சம்பந்தி" என்றார். அந்தப் 'பாவமுங்க' எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. என் பேத்தியைப் பார்த்து அவர் பாவப்படுவதா?

5. 10.05.2025 மாலை, அனிதா தறிக்குடோனுக்குப் போன நேரம், தள்ளுவண்டியில் முறுமுறுவென்று ஒரு தட்டுவடை செட் வாங்கி வந்தேன். "ஒரே ஒரு கடி கடிச்சுக்க சாமி, அப்பத்தா போட்டோ புடிச்சுக்கறேன்" என்றேன். அவள் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் போட்டோவுக்குச் சிரித்தாள். அதை உடனே சம்பந்திக்கு அனுப்பி, 'அஞ்சாம் நாளே தட்டுவடை. கத்திதானுங்க' என்று எழுதினேன். அந்த ஐந்து நாளில் எனக்கு நிம்மதி வந்தது அப்போது மட்டும்தான். அரை மணி நேரத்தில் குழந்தையின் வாயில் ரத்தம் வந்துவிட்டது.

6. ரத்தத்தை நிறுத்திக் குழந்தையைக் காப்பாற்றியது மருத்துவர் லிடியாதான். முறுமுறுப்பாக ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். கஞ்சி மட்டும் என்றேன். பிள்ளையிடமும் கேட்டார்கள். மகிழினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். ஏழு வயதுப் பிள்ளை, ஐயா. அதன் பிறகும் நான் திருந்தாமல், பழைய கத்தி முறையால்தான் ரத்தம் வந்தது என்று மனுக் கொடுத்தேன். அதன்மேல் மருத்துவரிடம் விளக்கம் கேட்டிருப்பதாகவும் 29ஆம் தேதி விசாரணை என்றும் அறிகிறேன்.

7. அந்தப் போட்டோ சம்பந்தியிடம் இருக்கிறது. ரத்தம் வந்து பிள்ளையைச் சேர்த்த மறுநாள் இளநீரோடு வார்டுக்கு வந்தார். எங்கள் வீட்டார் மருத்துவரைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே நின்றார். போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகும்போது என் கையைப் பிடித்து, "புள்ளைக்குச் செரியாயிரும், விடுங்க சம்பந்தி" என்றார். இன்று வரை மகளிடம்கூட மூச்சு விடவில்லை. மெசினில் என்னை முந்தியதைத் தாங்கிக்கொண்டேன். இதில் முந்தியதைத் தாங்க முடியவில்லை. அவர் எனக்காக மறைத்து, அந்தத் தயவில் நான் காலம் தள்ளுவதைவிடத் தங்கள் முன் தலைகுனிவது மேல். இன்று காலை மகனிடமும் மருமகளிடமும் சொல்லிவிட்டேன். அனிதா இன்னும் என்னுடன் பேசவில்லை.

ஆகவே ஐயா, என் புகாரை ரத்து செய்து, மருத்துவர் லிடியா அவர்கள் பேரில் ஒரு சிறு குறிப்பும் இல்லாமல் செய்ய வேண்டுகிறேன். விசாரணை நாளில் நானே வந்து இதை எல்லோர் முன்னாலும் வாசிக்கிறேன். மகிழினியையும் கூட்டி வருகிறேன். மருத்துவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கட்டும். இந்த முறை அவள் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த மெசின் நம் மருத்துவமனைக்கும் வர வழி உண்டென்றால் அதையும் கவனிக்கவும். வலி ஒரு நாள் குறைந்தாலும் பிள்ளைகளுக்கு நல்லதுதானே.

இடம்: குமாரபாளையம்
நாள்: 24.05.2025

இப்படிக்கு,
அ. சென்னம்மாள்

இணைப்பு: 10.05.2025 அன்று எடுத்த தட்டுவடை போட்டோ, ஒன்று.

நகல்: திருமதி கந்தம்மாள், ஃபேர்லேண்ட்ஸ், சேலம். தங்களிடம் உள்ள போட்டோவை இனி அழித்துவிடலாம், சம்பந்தி.